பிள்ளைத்தாய்ச்சி கேட்ட மஸ்அலா

ஷஅபான் மாதத்தின் கடைசி வாரத்தில் நம் இல்லம் தேடி ஒரு பெண் வந்தாள். சிறு வயதில் நம்மிடம் குர்ஆன் ஓதியவள். இப்போது மேலப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கின்றாள். இரண்டாவது பிள்ளைக்கு ஏழாம் மாதம். திண்ணைத் தூணைப் பற்றி மெல்ல அமர்ந்து, மூச்சுச் சீரான பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். நோன்பு வருகின்றது, தன்னால் நோற்க இயலுமோ என அச்சமாக இருக்கின்றது, மாமியாரோ, காய்ச்சலில் படுத்தவளுக்கன்றி மற்றவளுக்கு நோன்பை விட அனுமதியில்லை என்கின்றார். மார்க்கம் என்ன சொல்கின்றது?

இக்கேள்விக்கு விடை சொல்ல நமக்குக் கிதாபைப் புரட்ட வேண்டிய அவசியமில்லை. முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவரும் விடை. பிரயாணிக்கு நோன்பைப் பிற்படுத்திக்கொள்ளும் சலுகையை அருளிய அல்லாஹ், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அதனை அருளியிருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள். தன் உடலுக்கு அஞ்சி விட்டவள் பின்னர் களாச் செய்தால் போதும். பிள்ளைக்கு மட்டும் அஞ்சி விட்டால், ஷாஃபிஈ மத்ஹபின்படி களாவோடு நோன்பொன்றுக்கு ஓர் ஏழைக்குரிய உணவும் கொடுத்தல் வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் களா மட்டுமே. இதனைத் தெளிவாக எடுத்துரைத்து, மாமியாருக்கும் இவ்வாறே சொல் என்று முடித்தோம்.

அவள் எழவில்லை. "நோன்பை விடலாம்னு சொல்லிட்டீங்க ஆலிம்சா. பீடியை விடுறதுக்கு ஏதும் மஸ்அலா இருக்கா?" என்று கேட்டாள்.

நாம் வாய் திறக்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நம் வீட்டார்தாம் அவளுக்குக் கஞ்சித்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துப் பேச்சை மாற்றினார்கள்.

அதற்கு முந்திய வாரம்தான் ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் நாம் அமர்ந்திருந்தோம். மேடையில் பேசிய அன்பர் நாவன்மை மிக்கவர். பிற சமுதாயத்துப் பெண்கள் வயிற்றுப் பிள்ளையோடு பேருந்துக்கு ஓடுகின்றார்கள் என்றும், நம் பெண்களுக்கு அத்தலையெழுத்து இல்லை என்றும், இஸ்லாம் அவர்களை வீட்டின் நிழலில் அரசிகளாக அமர்த்தியிருக்கின்றது என்றும் முழங்கினார். சபையோர் 'ஸுப்ஹானல்லாஹ்' என்றனர். நாமும் சொன்னோம். அம்மண்டபத்தை விட்டு வெளியே வந்து அத்தெருவில் நடந்தால், வாசல்தோறும் ஓர் அரசி தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருக்கின்றாள். பேச்சாளரும் அத்தெரு வழியாகத்தான் மேடைக்கு வந்திருப்பார்.

நம் பெண்கள் வேலைக்குப் போவதில்லை என்று சொல்வோரோடுதான் நமக்கு இங்கு வழக்கு. அவர்கள் போவதில்லை என்பது மெய். வேலை அவர்களைத் தேடி வீட்டுக்கு வந்துவிடுகின்றது. மேலப்பாளையம், பேட்டை, கடையநல்லூர், தென்காசி எனத் தாமிரபரணிச் சீமை முழுவதும் தறிச் சத்தம் குறையக் குறைய, அந்த இடத்தில் பீடித் தட்டு வந்து அமர்ந்தது. மத்தியப்பிரதேசத்திலும் ஒடிசாவிலும் காட்டில் பறித்த இலை, சாக்கில் கட்டி வந்து, ஏஜெண்டின் கடையில் நிறுத்து வாங்கப்பட்டு, நம் வீட்டுக் கூடத்தில் நனைகின்றது. ஈரத்துணியில் சுற்றிவைத்த அவ்விலையை அளவுத் தகட்டை வைத்துக் கத்தரிக்க வேண்டும். தூளை அளந்து வைத்துச் சுற்ற வேண்டும். நூல் கட்ட வேண்டும். முனையை மடக்க வேண்டும். எண்ணிக் கட்டாக்க வேண்டும். கடைக்குக் கொண்டுபோனால் சரியில்லை என்று ஒரு பங்கைக் கழித்துத் தள்ளுவார்கள். கழித்த பீடிக்குக் கூலி கிடையாது.

நம் மாணவி அன்று சொன்னவற்றைச் சொல்கின்றோம். ஐந்தாம் மாதம் வரை மடியில் நின்ற தட்டு பின்னர் நிற்கவில்லை. முழங்காலின் நுனிக்கு நகர்ந்தது. இப்போது ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் தட்டை வைத்து, இடுப்பை ஒருக்களித்துக்கொண்டு சுற்றுகின்றாள். மசக்கை மாதங்களில் தூளின் நெடி பட்டாலே குமட்டும். எழுந்து போய் வாந்தியெடுத்துவிட்டு, வாய் கொப்பளித்து, மீண்டும் அதே தூளுக்கு முன் வந்து உட்காருவாள். நாளொன்றுக்கு 800 சுற்றிய கை 500க்கு இறங்கிவிட்டது. எண்ணிக்கை குறைந்தால் அடுத்த வாரம் இலையும் குறையும். தொடர்ந்து குறைந்தால் பாஸ்புக் பறிபோய்விடும் என்ற அச்சம். ஆகவே மாமியார் இராத்தூக்கத்தை விட்டு மீதியைச் சுற்றிக் கணக்கை நிறைக்கின்றார். நோன்பு விஷயத்தில் கடுமை பேசிய அதே மாமியார்தாம். அப்பெண்மணியை நாம் குறைகூறப் போவதில்லை.

"எல்லாரும் வயித்தத்தான் பாக்காங்க, கையை யாரு பாக்கா?" என்றாள். பிறகு சற்று நேரம் கழித்து, "ஆபீசுக்குப் போறவ வீட்டுக்குத் திரும்பி வருவா. நான் எங்க திரும்பி வர?" என்றாள்.

இதற்கு மேல் அவள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. வீட்டைப் பழிக்கவுமில்லை, கணவனைப் பற்றி ஒரு சொல் தவறாகச் சொல்லவுமில்லை.

இவ்விடத்தில் நம் சொந்தக் கணக்கையும் எழுதிவிடுவது நேர்மை. நம் உம்மாவும் பீடி சுற்றியவர்கள். நாம் மதரஸாவில் தங்கி ஓதிய ஏழாண்டுகளில், ஆடைக்கும் கிதாபுக்கும் வந்த பணம் அந்தத் தட்டிலிருந்து வந்தது. நம் தம்பி வயிற்றிலிருந்தபோது அவர்கள் சுவரில் சாய்ந்து சுற்றிக்கொண்டிருந்ததை நாம் பார்த்திருக்கின்றோம். சுவரில் அவர்களின் முதுகு பட்ட இடம் கறுத்திருக்கும். பின்னாளில் முஹல்லாவின் நிக்காஹ் தஃப்தரை எழுதும் பொறுப்பு நம்மிடம் வந்தபோது, மணமகனுக்கு எதிரே தொழிலை விசாரித்து எழுதினோம். மணமகளுக்கு எதிரே விசாரிக்காமலே 'வீடு' என்று எழுதினோம். எத்தனை தஃப்தர்கள்! அரசாங்கத்தின் கணக்கெடுப்பாளரும் இதையேதான் செய்கின்றார். தேசிய மாதிரி ஆய்வில் வீட்டுவேலை மட்டும் செய்பவருக்கென 92 என்றொரு குறியீட்டெண் உண்டு. வாசலில் நிற்கும் ஆண், 'வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்' என்றால் பீடி சுற்றுபவளும் அவ்வெண்ணுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகின்றாள்.

அரபு மொழியின் நுட்பம் ஒன்று இங்கு நினைவுக்கு வருகின்றது. 'ஹமல' என்றால் சுமந்தான். அதிலிருந்து பிறந்த சொற்கள் இரண்டு. வயிற்றில் சுமக்கும் சுமை 'ஹம்ல்'. முதுகிலும் தலையிலும் சுமக்கும் சுமை 'ஹிம்ல்'. அகராதியாசிரியர்கள் ஓர் உயிர்க்குறியால் பிரித்துவைத்த அவ்விரண்டையும் நம் தெருப்பெண் ஒரே உடலில் ஒருசேரச் சுமக்கின்றாள். நம் தமிழோ இன்னும் நாணம் மிக்கது. 'முழுகாமல் இருக்கிறாள்' என்று சுற்றி வளைத்துச் சொல்லும். ஆயினும் 'பிள்ளைத்தாய்ச்சி' என்றொரு சொல்லையும் அது வைத்திருக்கின்றது. பிள்ளை பிறக்குமுன்னரே அவளைத் தாய் என்று அழைத்துவிடும் சொல் அது.

அல்லாஹ்வின் திருமறையில் அந்த நாணம் இல்லை. ஸூரா லுக்மானின் 14ஆம் வசனம், தாய் பலவீனத்தின்மேல் பலவீனமுற்று மகனைச் சுமந்ததை நினைவூட்டுகின்றது. அஹ்காஃபின் 15ஆம் வசனம், வருத்தத்தோடு சுமந்து வருத்தத்தோடு ஈன்றதைச் சொல்லி, சுமத்தலும் பால் மறக்கடித்தலும் முப்பது மாதங்கள் என்று கணக்கும் தருகின்றது. பாலூட்டல் இரண்டாண்டு என்பதால் முப்பதில் இருபத்து நான்கைக் கழித்து, கர்ப்பத்தின் மிகக் குறைந்த காலம் ஆறு மாதம் என்று நம் முன்னோர் சட்டம் வகுத்தனர். அருமையான ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் மதரஸாவில் அவ்வசனத்தை ஓதியபோது அக்கழித்தல் கணக்கை ஒரு காலைப் பொழுது முழுவதும் விவாதித்தோம். 'வருத்தத்தோடு' என்ற சொல்லை அரை நிமிடத்தில் கடந்துவிட்டோம்.

அன்னை மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றையும் பேச்சாளர்கள் விடுவதில்லை. பிரசவ வேதனை அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குத் தள்ளியது. இதற்குமுன்னரே இறந்துபோயிருக்கலாகாதா என்று கதறினார்கள். இறைவன் அக்கதறலை மறைக்காமல் குர்ஆனில் ஓதவைத்திருக்கின்றான். அதற்கு வந்த மறுமொழியில் காலடியில் நீரூற்று இருந்தது. கனிந்த பழம் இருந்தது. உண்ணவும் பருகவும் கண்குளிரவும் ஆணை இருந்தது. வருவோர் போவோருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்ற விடுதலையும் இருந்தது. நம் பேச்சாளருக்கோ கண்ணில் படுவது ஒன்றுதான்: மரத்தை உலுக்கச் சொன்னானே! பிரசவ வேளையிலும் உழைப்பைக் கைவிடலாகாது என்பதற்கு இது ஆதாரமாம். அவர்கள் உலுக்கிய மரத்தின் பழம் அவர்களின் மடியிலேயே உதிர்ந்தது, ஐயா! மரத்தடியில் ஏஜெண்ட் நின்று எண்ணிக் கழித்துக்கொண்டிருக்கவில்லை.

ஃபாத்திமா நாயகி (ரலி) அவர்கள் திரிகை அரைத்துக் கை தடித்துப்போனதையும், பணியாள் கேட்டுத் தந்தையிடம் சென்றதையும், அதற்குப் பதிலாகத் தஸ்பீஹ் கற்பிக்கப்பட்டதையும் நாமே எத்தனையோ ஜும்ஆக்களில் பொறுமைக்குச் சான்றாகச் சொல்லியிருக்கின்றோம். இன்று அந்த ஹதீஸைப் படிக்கும்போது அறிவிப்பவர் யார் என்பதில் நம் கண் நிற்கின்றது. கணவர் அலீ (ரலி) அவர்கள்! மனைவியின் கையில் விழுந்த தழும்பை அவர்கள் பார்த்திருக்கின்றார்கள். பார்த்ததைப் பிறருக்குச் சொல்லியிருக்கின்றார்கள். வீட்டில் நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டவருக்கு, குடும்பத்தாரின் பணியில் இருப்பார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். அவ்விடையில் அவர்கள் ஆண்ட சொல் 'மிஹ்னா'. இன்று அரபு நாடுகளின் படிவங்களில் 'தொழில்' என்ற கட்டத்தின் மேல் அச்சிடப்பட்டிருப்பது இதே சொல்தான். வளைகுடாவில் அப்படிவத்தை நிரப்பிய நம் பிள்ளைகளுக்கு இது தெரியும். வீட்டுவேலை தொழிலல்ல என்பது அன்னையாருக்குத் தெரியாத செய்தி போலும்.

இனி, நாம் இப்படி எழுதினால் மேல்நாட்டுச் சரக்கை இறக்குமதி செய்வதாகச் சொல்வார்கள். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எந்த மேல்நாட்டுச் சரக்கைப் படித்தார்கள்? அவர்களின் மின்ஹாஜில், மனைவியின் ஜீவனாம்சம் பற்றிய பகுதியைப் பாருங்கள். தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் வழக்கமுடைய பெண்ணாயினும், நோயினால் அவளுக்குப் பணிவிடை தேவைப்படுமானால், பணியாளை ஏற்படுத்தித் தருவது கணவன்மீது கடமை என்று எழுதியிருக்கின்றார்கள். கர்ப்பம் நோயா என்று கேட்பீர்கள். அதே கிதாபில் வஸிய்யத் பகுதியைப் புரட்டுங்கள். உயிருக்கு அஞ்சத்தக்க நிலைகளை இமாம் அவர்கள் வரிசைப்படுத்துகின்றார்கள்: இரு படைகள் கைகலந்த போர்க்களத்தில் நிற்பவன், புயலில் அலைமோதும் கப்பலில் இருப்பவன், அவ்வரிசையிலேயே பிரசவ வேதனையிலிருக்கும் பெண். இதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று நம் ஃபுகஹாக்கள் கருதவில்லை. காமித் குலத்துப் பெண்ணொருத்தி தானே குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை கேட்டு வந்தபோதும், பிள்ளை பிறக்கும்வரையும், பிறகு அது பால் மறக்கும்வரையும் நாயகம் (ஸல்) அவர்கள் அவளைத் திருப்பியனுப்பினார்கள். இறைவனின் சட்டம் ஒரு கர்ப்பிணிக்காகக் காத்திருந்தது. வாரக் கடைசிக் கணக்கு காத்திருக்க மறுக்கின்றது.

'நம் பாட்டிமார் நெல் குத்திக்கொண்டே பிள்ளை பெற்றார்கள்' என்பது அடுத்த வாதம். பெற்றார்கள். எத்தனை பேர் பெற்ற மறுநாள் இருந்தார்கள் என்பதைக் கபுருஸ்தானில் விசாரிக்க வேண்டும். 1946இல் அறிக்கையளித்த போர் குழு, இந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 லட்சம் பெண்கள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் மடிவதாக மதிப்பிட்டது. அக்காலத்துப் பாட்டிமாரில் உயிர் தப்பியவர்கள்தாம் நமக்குக் கதை சொன்னார்கள். பிரசவத்தில் இறப்பவள் ஷஹீத் என்ற நற்செய்தி உண்மை. அது இறந்தவளுக்கு இறைவன் வழங்கும் பதவி. இருப்பவளைக் கவனியாதிருக்க ஆண்களுக்கு அளித்த உரிமைச்சீட்டு அன்று.

புகையிலைத் தூளைப் பற்றி மருத்துவம் சொல்வதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். அதிலுள்ள நிகோடின் புகைத்தால்தான் உடலில் ஏறும் என்பதில்லை. தோல் வழியாகவும் ஏறும். தாயின் இரத்தத்தில் ஏறியது நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவையும் அடையும். பிறக்கும் பிள்ளை 2.5 கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைந்த பிள்ளை என்பது மருத்துவர் வழக்கு. நம் தம்பியை அன்று யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. ஆனால் அவனைக் குளிப்பாட்டிய பெத்தும்மா, உள்ளங்கையில் அடங்குகிறானே என்று சொன்னது நமக்கு நினைவிருக்கின்றது.

சட்டம் என்ன செய்தது? 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணையும் தொழிலாளி என ஒப்புக்கொண்டது. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டம் அவளுக்கும் பொருந்தும் என்றது. படிக்கும்போது உள்ளம் குளிர்கின்றது. அடுத்த வரியில் ஒரு விலக்கு. வீட்டுத் தொழிலாளிக்குப் பொருத்தும்போது மகப்பேற்றுச் சட்டத்தின் 8ஆம் பிரிவையும் 10ஆம் பிரிவையும் நீக்கிவிட்டுப் பொருத்துக என்று! 8ஆம் பிரிவு பிரசவ கால மருத்துவத்துக்கான தொகை. 10ஆம் பிரிவு கர்ப்பத்தால் நேரும் நோய்க்கு ஒரு மாதம்வரை கூடுதல் விடுப்பு. வீட்டிலிருப்பவளுக்கு நோய் வராது என்று எழுதியவர்கள் எண்ணினார்கள் போலும். நம் மேடைப் பேச்சாளரும் அவர்களும் ஒரே மதரஸாவில் ஓதியவர்களோ என ஐயுறுகின்றோம். 2017இல் மகப்பேற்று விடுப்பு முதலிரு பிள்ளைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. 2020இல் பாராளுமன்றம் பழைய தொழிற்சட்டங்களைத் தொகுப்புச் சட்டங்களாக மாற்றியது. வாரங்கள் உயரட்டும், பெயர்களும் மாறட்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்பு, முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பதாயிருந்தது. நம் மாணவியைப் போன்றவள் அதை எதைக் கொண்டு மெய்ப்பிப்பாள்? பாஸ்புக் அவள் மாமியாரின் பெயரில் இருக்கின்றது. ஒரு புத்தகத்தில் இரண்டு பெண்கள், சில வீடுகளில் மூன்று பெண்கள் சுற்றுகின்றார்கள். புத்தகத்தில் பெயருள்ளவருக்கோ பிள்ளை பெறும் வயது கடந்துவிட்டது. இந்த ஏற்பாடு யாருக்கு இலாபம் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

தமிழக அரசு முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் வழங்கும் மகப்பேற்று உதவி 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ஆகவும், பின்னர் 18,000 ஆகவும் உயர்ந்தது. நன்றியோடு குறிப்பிட வேண்டியதே. அதைப் பெற்றுத்தர ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் வீடுவீடாக அலைவதையும் கண்டிருக்கின்றோம். ஆனால் அவ்வுதவி சோறும் மருந்தும் ஆகலாம். ஏழாம் மாதத்தில் தட்டை இறக்கிவைக்கும் உரிமை ஆகாது.

நம் ஆலிம் நண்பர் ஒருவர் இவையனைத்தையும் கேட்டுவிட்டு, 'பீடியே ஆகாத சரக்கு. அந்தத் தொழிலை விட்டுவிடு என்று ஃபத்வா கொடுத்துவிட வேண்டியதுதானே?' என்றார். புகையிலை குறித்து உலமாக்களிடையே ஹராம் என்பாரும் மக்ரூஹ் என்பாரும் உளர், அது இருக்கட்டும். அந்த ஃபத்வாவை ஏன் ஏஜெண்டுக்குக் கொடுப்பதில்லை? அவர் தரும் நன்கொடையில் மினாராவுக்குச் சுண்ணம் பூசும்போது ஏன் நினைப்பதில்லை? தறியை மூடவிட்டு, வேறு தொழிலும் காட்டாமல், சுற்றும் விரல்களிடம் மட்டும் ஹராம் பேசுவது மலிவான பேணுதல். இவ்வாறு சொன்னதும் நண்பர் தேநீரை முழுவதும் அருந்தாமலே எழுந்தார்.

ரமழான் பிறை நான்கில், நம் ஜமாஅத் நிர்வாகிகளிடம் மூன்று விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தோம். ஒவ்வொரு வீட்டிலும் உண்மையில் சுற்றும் பெண்ணின் பெயரிலேயே பாஸ்புக் எழுத வேண்டுமென ஏஜெண்டுகளை அழைத்துப் பேசுதல். ஏழாம் மாதம் முதல் பிரசவத்துக்குப் பின் நாற்பதாம் நாள்வரை, தட்டை இறக்கிவைக்கும் ஏழைப் பெண்ணுக்குப் பைத்துல்மாலிலிருந்து இழந்த கூலியை ஈடுசெய்தல். நிக்காஹ் தஃப்தரில் மணமகளின் தொழிலையும் கேட்டு எழுதுதல். மூன்றாவதற்கு உடனே இணங்கினார்கள், அதற்குச் செலவில்லை. இரண்டாவதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும் என்றார்கள். முதலாவதைப் படித்ததும் அவர்களில் ஒருவர், பள்ளிவாசலில் பாஸ்புக் பேசலாமா என்று கேட்டார். திரிகைத் தழும்பைப் பேசலாமென்றால் இதையும் பேசலாம் என்றோம். பெருநாள் கழியட்டும், பார்க்கலாம் என்று கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்கள்.

நம் மாணவிக்கு ஷவ்வாலில் மாதம் நிறைகின்றது. நோன்பை விட்டிருக்கின்றாள். நேற்று நம் வீட்டார் அவளைப் பார்த்து வந்தார்கள். 400 சுற்றுகின்றாளாம்.